அவர் முடிக்கட்டும்

ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு கடைசியாக எப்போது காத்திருந்தீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் கொஞ்சம் திணறினால் போதும், மீதியை நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். உதவி செய்கிறோம் என்று நினைப்பு வேறு. கல் அறுக்கும் யார்டுக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீடுகளில், கடைசி வீட்டுக்காரிக்கும் அந்த நினைப்பு இருந்தது. அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அவள் புருஷனை யார்டில் எல்லோரும் தொண்டை என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளம் கொடுக்கிறவனே அப்படித்தான் கூப்பிட்டான். அவருடைய வேலையே குரல்தான். கிரேன்காரன் மேலே கூண்டில் உட்கார்ந்திருப்பான். அறுத்த பலகைக் கற்களைச் சுவர் மாதிரி சாய்த்து அடுக்கியிருப்பார்கள். அந்த அடுக்குக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கூண்டிலிருந்து தெரியாது. கீழே நிற்கிறவர் ஏத்து, மெல்ல, இடப்பக்கம், நில்லு என்று சொல்லச் சொல்ல மேலே இருப்பவன் லீவரைப் பிடிக்க வேண்டும். பக்கத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு ரம்பங்கள் கல்லை அறுத்துக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலைத் தாண்டி அவர் குரல் மேலே போகும். ஒரு தடவை வாக்கி டாக்கி வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். கல் தூசி ஏறி அது கரகரத்தது. இவர் தொண்டை கரகரக்கவில்லை. வாக்கி டாக்கியை ஆணியில் மாட்டிவிட்டார்கள்.

யார்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஏத்து, இறக்கு என்று சொல்கிற உரிமை ஒரே ஒரு குரலுக்குத்தான். நில்லு என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். டீ கொண்டு வருகிறவள் சொன்னாலும் கல் அந்தரத்தில் நிற்க வேண்டும். கீழேயிருந்து என்ன சொன்னார்கள் என்று புரியாவிட்டால், அதுவும் நில்லுதான். கையை லீவரிலிருந்து எடுத்துவிட வேண்டும். தும்மினாலும் நிறுத்திடுவோம் சார், என்று புதிதாக வருகிற லாரிக்காரர்களிடம் கிரேன்காரன் பெருமையடிப்பான்.

அந்தக் கிரேன்காரன் வேறு யாரும் இல்லை, அவளுடைய தம்பி. கல்யாணம் ஆகாதவன். அக்கா வீட்டு முன் அறையில்தான் படுக்கை, அக்கா கையால்தான் சாப்பாடு. மாமா கீழே, மாப்பிள்ளை மேலே. மாமா குரல் கொடுத்தால் மாப்பிள்ளை கை தானாக நகரும் என்று யார்டில் பேச்சு. வீட்டிலும் அப்படித்தான். மாமா ‘உப்பு’ என்று முழுசாகச் சொல்வதற்குள் தம்பி எடுத்து நீட்டியிருப்பான்.

எல்லாம் ஒரே நாளில் போயிற்று.

அன்றைக்குக் காலையில் எழுந்ததுமே அவர் பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டார். சுவர் சுற்றுது என்றார். இரண்டு தடவை வாந்தி. அவள், படுங்க, இன்னிக்குப் போக வேணாம் என்றாள். லோடு ஏத்துற நாள், லாரி வந்து நிக்கும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார். யார்டில் காலை அகட்டி வைத்து, கல் அடுக்கைப் பிடித்துப் பிடித்து நடந்தாராம். நாக்கு குழறியதாம். தொண்டை இன்னிக்கு நனைஞ்சிருக்கு என்று பையன்கள் சிரித்தார்களாம். கல்யாணத்துக்கு முன்னால் அவர் குடித்தவர்தான். விட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஆனால் ஊருக்கு இந்த விஷயத்தில் மட்டும் ஞாபகசக்தி ஜாஸ்தி.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பலகைக் கல் ஆடிப் போய், பாலீஷ் போடுகிறவனின் காலை அடுக்கோடு சேர்த்து நசுக்கிவிட்டது. கல்லைத் தூக்கிக் காலை எடுப்பதற்குள், இவரும் அங்கேயே சரிந்து விழுந்தார். இரண்டு பேரையும் ஒரே வண்டியில் கொண்டுபோனார்கள். பாலீஷ்காரனுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இவருக்குச் சிறுமூளைக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

யார்டு சூப்பர்வைசர் அதையும் தனக்குத் தோதாக மடித்துக்கொண்டான். அடைப்பு வந்தது வாஸ்தவம்தான், ஆனா அது ஆக்ஸிடெண்ட் ஆன பயத்துல அப்புறமா வந்தது, காலைலயே ஆள் போட்டுட்டுத்தான் வந்தான், யாரை வேணா கேளுங்க என்றான். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொன்னார்கள். தள்ளாடினதையும் குழறினதையும் பார்த்தவர்கள்தானே. அவள் தம்பியிடம் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, மாமா ஏத்துன்னார், நான் ஏத்தினேன்கா, என்றான்.

பாலீஷ்காரன் பெண்டாட்டி ஒரு நாள் வாசலுக்கு வந்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தெருவே எட்டிப் பார்த்தது. அவள் குரலே உயர்த்தவில்லை. புருஷனுடைய இடது கால் பூட்ஸைப் படியில் வைத்தாள். கல் சேறு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. “இது இனிமே எங்களுக்கு வேண்டாம். உன் புருஷனுக்குக் கால் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு. போட்டுக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த பூட்ஸைத் தூக்கி எறியவும் முடியவில்லை, கண்ணெதிரில் வைக்கவும் முடியவில்லை. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே தள்ளி வைத்தாள். அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் அது நேராகத் தெரியும். பார்க்கிறபோதெல்லாம் வாயைத் திறப்பார்.

அவர் பேச்சு எப்படி ஆகிவிட்டது என்று சொல்ல வேண்டும். ஊமையாகவில்லை. குரலும் போகவில்லை. ஒரு எழுத்து தட்டுமுட்டுச் சாமான் விழுந்த மாதிரி வெடித்து வரும். அடுத்தது ஜவ்வாக இழுக்கும். அதற்கடுத்தது மூச்சு தீர்ந்து போய் உதட்டிலேயே நின்றுவிடும். தெருவில் கேட்டால் குடிகாரன் பேச்சுதான், சந்தேகமே வராது. எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். பேனா தாளைத் தாண்டி மேஜை மேல் ஓடியது. கப்பை எடுக்கப் போன கை, கப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. தண்ணீர் குடித்தால் புரையேறும். டீயில் ரொட்டியை ஊறவைத்துக் கெட்டியாக்கி ஸ்பூனில் கொடுத்தால் இறங்கும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். கறாரான பொம்பளை. முதல் நாளே இவளைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“அவர் என்ன சொல்ல வர்றார்னு நீங்களே சொல்லிட்டே இருக்கீங்களே, எதுக்கு?”

“பாவமா இருக்கு. திணறுறாரே.”

“திணறட்டும். உள்ள வார்த்தை எல்லாம் பத்திரமாத்தான் இருக்கு. புத்தியில ஒரு குறையும் இல்ல. நாக்கு எப்ப எழும்பணும், மூச்சு எவ்வளவு விடணும்னு அளந்து குடுக்கறது பின்னந்தலையில இருக்கிற சிறுமூளை. அந்த அளவுதான் போச்சு. நீங்க குறுக்க பேசினா அவர் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதுக்கு வாயை மூடிட்டு இருங்க.”

ஒரு மூச்சுக்கு ஒரு சொல். ஒவ்வொரு சொல்லுக்கும் விரலால் தொடையில் ஒரு தட்டு. தட்டி முடித்த பிறகுதான் அடுத்தது. தினமும் வீட்டில் செய்யச் சொன்னாள். கேட்கிறவர்களும் அவசரப்படாமல் உட்கார வேண்டும் என்றாள்.

யார் உட்காருவது? அவளுக்கு லாண்டரியில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் ஓட்டல் விரிப்புகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பாய்லர் பக்கத்தில் நின்று அவித்து, உருளையில் விட்டு எடுத்து, இரண்டு பேராக மடிக்க வேண்டும். நீராவியில் முகம் வெந்து, விரல் நுனி வெளுத்து, சாயங்காலம் வீடு வரும்போது அவளிடம் மிச்சம் இருப்பது இரண்டு கால்தான். அந்த நேரத்துக்கு அவர் வாயைத் திறப்பார். அவள் அடுப்பைப் பற்ற வைப்பாளா, காத்திருப்பாளா?

அதற்குத்தான் தம்பி இருந்தான். உண்மையைச் சொல்ல வேண்டும், பெற்ற பிள்ளைகூடச் செய்ய மாட்டான், அப்படிச் செய்தான். மாமாவைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவான். முகம் மழித்து விடுவான். நகம் வெட்டுவான். அவர் இழுத்து இழுத்துப் பேசுகிறதைக் கேட்டு, அடுப்படியில் இருக்கிற அக்காவுக்கு எடுத்துச் சொல்வான். மாமாவுக்குச் சூப்பு போதுமாம். மாமாவுக்கு ஜன்னலைச் சாத்தணுமாம். இரண்டு பேரும் யார்டில் வருஷக்கணக்காக ஒரே குரலில் வேலை செய்தவர்கள். அவனுக்குப் புரியாமல் யாருக்குப் புரியும் என்று அவள் நிம்மதியாக இருந்தாள்.

ஆனால் சில நாள் அவர் தொட்டிக்குக் கீழே பார்த்துக்கொண்டு பேசுவார். நீளமாகப் பேசுவார். கழுத்து நரம்பு புடைக்கும். முடிந்ததும் தம்பி, “போனது போகட்டும்ங்கறார்கா. பாலீஷ்காரன் வீட்டுக்கு ஏதாச்சும் செய்யணுங்கறார்,” என்பான். உடனே அவர் ஸ்பூனை வீசுவார். ஒரு நாள் சூப்புத் தட்டு சுவரில் போய் அடித்தது. இன்னொரு நாள் தம்பியின் சட்டைக் காலரைப் பிடிக்கப் பார்த்தார். கை தவறி அவன் காதில் விழுந்தது.

“என்ன கோபம் இது? உங்களுக்குன்னு ஓடியாடிச் செய்யறவன் அவன்தான்,” என்று அவள் புருஷனைத்தான் அதட்டினாள்.

“விடுக்கா. இந்த வியாதில கோபம் வருமாம். டாக்டரே சொன்னார்,” என்றான் தம்பி, காதைத் தடவிக்கொண்டு.

கோபம் வியாதியாகிவிட்டது. அதற்கு ஒரு மாத்திரையும் இருந்தது. அவள் அதைப் பொடியாக்கி ரொட்டியில் கலந்து கொடுத்தாள்.

லாண்டரியில் அவளுக்கு எதிர்முனையில் நின்று விரிப்பு மடிக்கிறவள் ஒரு வாயாடி. ஒரு நாள் இவள் அவசரமாக மடித்து மடித்து நடந்தபோது, விரிப்பு நடுவில் முறுக்கிக்கொண்டது. “ஏம்மா, நான் இன்னும் என் முனையவே பிடிக்கல, நீ பாட்டுக்கு மடிச்சுக்கிட்டு வர்ற. தனியா மடிக்கிறதுன்னா கைக்குட்டை மடி,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். ஆனால் மனசில் எங்கோ தைத்தது. மறுநாளிலிருந்து வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், தம்பி யார்டுக்குப் போன பிறகு, கொஞ்ச நேரம் புருஷன் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அவர் தொடையில் தட்டித் தட்டிச் சொன்னார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். ஜன்னல். மழை. காக்கா. ஒரு நாள், ‘நீ. இளைச்சுட்ட.’ என்றார். அவள் எழுந்து போய் அடுப்படியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அவர் பேச்சில் ஒரு வழி இருப்பது அவளுக்குப் பிடிபட ஆரம்பித்தது. சத்தமாக வருகிற எழுத்தை நம்பிப் போகக் கூடாது. மெலிந்து வருவதைப் பிடிக்க வேண்டும். இழுக்கிறபோது அடுத்ததுக்காக மூச்சைத் தேடுகிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலை நேரத்தில் அவர் விபத்தைப் பற்றி வாயெடுத்தால், அவளே கையமர்த்திவிடுவாள். அது வேண்டாங்க, பிரஷர் ஏறும் என்பாள். அவர் வாயை மூடிக்கொண்டு அவளையே பார்ப்பார்.

இப்படியே போயிருக்கும். லாண்டரியில் பாய்லர் குழாய் வெடித்ததால்தான் போகவில்லை.

அன்றைக்கு விடியற்காலையிலிருந்தே மழை. குழாய் வெடித்து நீராவி குபுகுபுவென்று அறையை நிறைத்தது. நல்ல வேளை, யாருக்கும் படவில்லை. சரி பண்ண ஆள் வர நாளாகும், எல்லோரும் வீட்டுக்குப் போங்க என்று அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் தாண்டி அவள் நனைந்துகொண்டே வந்தாள். முன் வாசலில் கம்பெனி ஜீப் நின்றது. ஈரச் செருப்போடு முன்னறைக்குள் போக வேண்டாம் என்று பின்பக்கமாகச் சுற்றி வந்து, தொட்டியருகே செருப்பை உதறினாள். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது; தம்பியும் யார்டிலிருந்து வந்திருந்தான்.

சூப்பர்வைசர்தான் பேசிக்கொண்டிருந்தான். நாளைக் காலையில் ஹெட் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள், எல்லோரையும் வைத்து விசாரிப்பார்கள், தொண்டையையும் ஒரு வார்த்தை கேட்பார்கள், அவன் பேச்சு யாருக்கும் புரியாது, நீதான் பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தம்பியிடம் விளக்கிக்கொண்டிருந்தான். பிறகு நாற்காலி நகர்கிற சத்தம்.

“ஏம்ப்பா தொண்டை. நான்தான் வந்திருக்கேன். அன்னிக்குக் கொஞ்சம் போட்டிருந்தே, இல்ல?”

பதில் உடனே வரவில்லை. தொடையில் தட்டுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவர் குரல், ரம்பங்களைத் தாண்டிக் கூண்டுக்குப் போன அதே குரல், துண்டு துண்டாக வந்தது.

“இல்-லை. நீஈ. கை. கா-ட்-டின.”

தம்பி கனைத்துக்கொண்டான். “ஆமாங்கறார் சார். கொஞ்சமாத்தான் போட்டேங்கறார்.”

“இவ்வளவு நேரம் தம் கட்டினதுக்கு இவ்வளவுதானா?” என்று சூப்பர்வைசர் சிரித்தான். “சரி, நாளைக்கும் இதையே சொல்லிடு. மாமனுக்கு வாட்ச்மேன் வேலை மாதிரி ஏதாச்சும் நான் பார்க்கறேன். உன் கூண்டுக்கு நான் பொறுப்பு.”

அவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. காலடியில் அந்த பூட்ஸ். உள்ளே அவர் மறுபடியும் ஆரம்பித்தார், இல்லை, இல்லை, நீ கை காட்டின. அது அவளுக்கு இப்போது கண்ணாடி மாதிரி கேட்டது. பயிற்சியம்மாவுக்கும் கேட்டிருக்கும். ஒரு வாரம் உட்கார்ந்து காது கொடுக்கிற எவனுக்கும் கேட்டிருக்கும். தம்பி, “ஆமா மாமா, ஆமா. அதான் சொல்லிட்டேனே,” என்று அவர் தோளைத் தட்டினான்.

அவள் உள்ளே போனாள். கத்தவில்லை. முதலில் சூப்பர்வைசர் கையிலிருந்த டீ கப்பை வாங்கினாள். பாதி டீ அப்படியே இருந்தது. பிறகு தம்பியின் கப்பை. இரண்டையும் அவர்கள் கண்ணெதிரிலேயே தொட்டியில் கொட்டினாள்.

“என்னம்மா, சீக்கிரம் வந்துட்டே,” என்றான் சூப்பர்வைசர்.

“என் வீடு. எப்ப வேணா வருவேன். நீங்க கெளம்புங்க.”

“நல்லதுக்குத்தான்—”

“கெளம்புங்க சார். மழை விடற வரைக்கும் இருன்னு சொல்ற வீடு இது இல்ல.”

ஜீப் போகிற சத்தம் அடங்கியது. தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். நீ தப்பா எடுத்துக்காதேக்கா, மாமா பேசறது சில சமயம் எனக்கே சரியாப் புரியறதில்ல, என்று ஆரம்பித்தான்.

“புரியல?” என்றாள். “தும்மினா நிறுத்துவேன்னு ஊரெல்லாம் சொல்லுவியே. உனக்கா புரியல?”

“அக்கா—”

“என் புருஷன் வாய்க்குள்ள உன் நாக்கை வச்சுட்டு இத்தனை நாள் பேசியிருக்கே. சூப்பு வேணும், ஜன்னல சாத்துன்னு. நானும் கேட்டுக்கிட்டு, அவருக்குக் கோபம் வந்தா மாத்திரையப் பொடிச்சுக் குடுத்தேன். கோபத்துக்கு மாத்திரை! அவருக்கு முகம் மழிக்க உனக்குக் கை எப்படிடா வந்தது?”

அவன் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து அவனுக்கும் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவனின் கோபம்.

“சரி. சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? மாமாவுக்கு இனிமே வேலை கிடையாது. என் கூண்டும் போயிருக்கும். உன் லாண்டரியை வச்சு மூணு பேர் சாப்பிட முடியுமா? அந்தாளு லேசுப்பட்டவன் இல்லக்கா. எங்கேயும் சேர விடமாட்டான். மாமா பேரு எப்படியும் போச்சு. போனது ஒரு பேரோட போகட்டும்னு நெனச்சேன். உங்களுக்காகவும்தான் நெனச்சேன்.”

“எங்களுக்காகவா. அப்ப அந்தக் கால்? அது யாருக்காக?”



அப்போது நாற்காலியில் தட்டல் கேட்டது. அவர் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். பேசப் போகிறார். தம்பி பழக்க தோஷத்தில் அவர் பக்கம் திரும்பி, “என்ன மாமா, தண்ணியா?” என்றான்.

“வாயத் தொறந்தே, தொட்டில கெடக்கிற சட்டியாலேயே அடிப்பேன்,” என்றாள் அக்கா. “உக்காரு. நானும் உக்காரறேன். அவர் முடிக்கட்டும்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். ஈரப் புடவை முதுகில் ஒட்டிக் குளிர்ந்தது. மாற்றப் போகவில்லை. அடுப்பும் பற்ற வைக்கவில்லை.

அவர் சொன்னார். சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்காதீர்கள். கூரையில் மழை வலுத்தது, விட்டது, மறுபடி வலுத்தது. நடுவில் ஒரு தடவை புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, அவர் முதலிலிருந்து தொடங்கினார். இரண்டு முறை அவளுக்கு வார்த்தை முன்கூட்டியே தெரிந்தது. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள். விழுங்கியது நல்லதாயிற்று. ஒன்று அவள் நினைத்த வார்த்தை இல்லை.

காலையிலிருந்தே தலை சுற்றியது என்றார். கல் பாதி உயரத்தில் தொங்கும்போது பாலீஷ்காரன் அடுக்குக்குப் பின்னால் விழுந்த துணியை எடுக்கக் குனிந்ததைப் பார்த்தார். நில்லு என்று கத்தினார். அவர் காதுக்கே அது நில்லு மாதிரி கேட்கவில்லையாம். ஏதோ ஒரு ஊளை மாதிரி வந்ததாம். அதற்கப்புறம் சொன்னதை அவள் அப்படியே மனசில் வாங்கிக்கொண்டாள்.

“மாப்-ள. கைய. எடுத்-தான். கல்லு. நின்-னுச்சு.”

தம்பி முகத்தை மூடிக்கொண்டான்.

“சூப்-பர்-வை-சர். சிரிச்-சான். குடிகா-ரன். ஒளர்றான். தூ-க்கு-ன்னு. கை. காட்-டி-னான். லாரி. நிக்கு-து-ன்னு. மாப்ள. மறு-படி. பிடிச்-சான்.”

மூச்சு தீர்ந்துபோயிற்று. நெஞ்சு ஏறி இறங்கியது. அவள் அவர் முழங்கால் மேல் கையை வைத்துக் காத்திருந்தாள். இன்னும் ஒன்று இருந்தது. அது சத்தமாக வரவில்லை. மெலிசாகத்தான் வந்தது.

“என். நில்-லு. அவனுக்-குக். கேட்-டுது.”

கேட்டது. அதுதான் விஷயம். உடைந்துபோன அந்தக் குரல் மேலே போய்ச் சேர்ந்தது. கை லீவரை விட்டது. கல் நின்றது. யார்டு வழக்கம் ஒரு மூச்சு நேரம் வேலை செய்தது. நல்ல நாக்கு இருக்கிற ஒருத்தன் சிரித்துக்கொண்டே அதை ரத்து செய்தான். நல்ல நாக்கு இருக்கிற இன்னொருத்தன் அன்றிலிருந்து அதை மென்று முழுங்கிக்கொண்டிருந்தான்.

“நிஜமாடா?” என்று தம்பியைக் கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

“தலை ஆட்டாதே. உனக்கு வாய் இருக்கு.”

“ஆமா,” என்றான்.

“நாளைக்கு அங்க இதைச் சொல்லுவியா?”

அவன் பூட்ஸைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். “என்னையும்தானே தூக்கிடுவாங்க. நான்தானே லீவரைப் பிடிச்சேன். மாமா சொன்னா அது குடிகாரன் பேச்சு. நான் சொன்னா அது சாட்சி. உள்ள வச்சிடுவாங்கக்கா.”

“வைக்கட்டும்,” என்றாள்.  அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இடுப்பில் சுமந்த தம்பி. ஆனால் வார்த்தையைத் திருப்பி எடுக்கவில்லை.

அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். குடை எடுக்கவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை. அவர் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டு, “மாப்-ள,” என்றார். திட்டினாரா, கூப்பிட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை.

சாயங்காலம் மழை விட்டதும் தெருக் கோடிக்குப் போய் பாலீஷ்காரன் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவன் பெண்டாட்டி கதவைப் பாதிதான் திறந்தாள். இவள் வேறெதையும் பேசவில்லை. “நாளைக்குக் காலைல யார்டுக்கு வாங்க. என் வீட்டுக்காரர் பேசப் போறார். நான் எடுத்துச் சொல்லமாட்டேன். நீங்களே உங்க காதால கேளுங்க. கேட்ட அப்புறம் செருப்பால அடிக்கணும்னா அடிங்க,” என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் காலை மழை இல்லை. நாற்காலியை ஒரு கையிலும் அவரை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு அவள் யார்டுக்குப் போனாள். அவர் மடியில் அந்த பூட்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேச்சு கேட்க வேண்டும் என்பதற்காக ரம்பங்களை நிறுத்தினார்கள். தம்பி வந்திருந்தான். நேராகக் கூண்டில் ஏறி உட்கார்ந்தான். கூப்பிட்டும் இறங்கவில்லை. லீவரில் கை வைக்கவும் இல்லை. ஹெட் ஆபீஸ்காரர்கள், கூட யாராவது எடுத்துச் சொல்லட்டுமே என்றார்கள். வேண்டாம் என்றாள். அவர் தொடையில் தட்டிப் பேச ஆரம்பித்தார். நடுவில் சூப்பர்வைசர் இரண்டு தடவை, போதும், புரிஞ்சுடுச்சு என்றான். இரண்டாவது தடவை கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பாலீஷ்காரன் பெண்டாட்டி, “அவர் முடிக்கட்டும்,” என்றாள். அவர் முடித்தார். ஹெட் ஆபீஸ்காரர்கள் அண்ணாந்து கூண்டைப் பார்த்தார்கள். அவருக்கு உதடு காய்ந்திருந்தது. அவளிடம் புட்டியில் கெட்டியாகக் கரைத்த டீ இருந்தது. நீட்டவில்லை. அவர் கேட்டார். கொடுத்தாள்.